சுமாகோ சாவடியூரில் வழிகாட்டியுடன் நடப்பது அவசியமா?

யோகோஹாமாவாசி கேட்டது:

வரும் அக்டோபர் இறுதியில் என் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள். டோக்கியோவையும் கியோட்டோவையும் எல்லோரையும் போல நாங்களும் பார்ப்போம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நாளையாவது, பழைய நாகாசெண்டோ நெடுவழியில் கிசோ பள்ளத்தாக்குக்குள் இருக்கும் சுமாகோ என்ற சாவடியூரில் (பழைய காலத்தில் பயணிகள் தங்கி, ஆளும் குதிரையும் மாற்றிய ஊர்) கழிக்க வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். அவர் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பழைய ஊருக்குப் போனாலும், அங்கே சாலை ஏன் வந்தது, அதை யார் செலவில் பராமரித்தார்கள், வண்டியும் ஆளும் எங்கே மாறின என்றுதான் கேட்பார். அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், இறக்கத்தில் மட்டும் முழங்கால் வலி வந்துவிடும்.

தேடிப் பார்த்ததில், அடுத்த சாவடியூரான மாகோமேயில் தொடங்கிச் சுமாகோவில் முடியும் மலைப்பாதையில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசும் ஒருவர் உடன் வரும் நடைப்பயணங்கள் பல கிடைக்கின்றன. கட்டணம் குறைவாக இல்லை. பாதை நெடுகப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, வழிகாட்டி வேண்டாம் என்று எழுதியிருப்பவர்களும் உண்டு. போய் வந்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது, வழி தவறாமல் இருப்பதற்காக அல்லாமல், ஊரைப் புரிந்துகொள்வதற்காக ஒரு வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது தகுமா என்பதுதான். சொல்லிக் கேட்கும் அளவுக்கு அங்கே சங்கதி இருக்கிறதா, அல்லது படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தெருதானா?


நகோயாக்காரன் எழுதியது:

உங்கள் அப்பாவின் கேள்விகளைப் பார்த்தால் வழிகாட்டி நிச்சயம் வேண்டும். ஆனால் அவரை மலைப்பாதைக்கு அமர்த்தாதீர்கள், ஊருக்கு மட்டும் அமர்த்துங்கள் என்பது என் கருத்து. மாகோமேக்கும் சுமாகோவுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர். ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பலகைகள் இருக்கின்றன, பிரியும் இடங்களிலெல்லாம் அம்புக்குறி இருக்கிறது, வழி தவறுவதற்கே தனியாக முயற்சி செய்ய வேண்டும். சுமாகோவின் தெருவோ ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாது. அதை இருபது நிமிடத்தில் கடந்து, ஒரு பனிக்கூழும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மணி நேரம் நின்று கேட்க வேண்டிய இடம் அந்தக் குறுகிய தெருதான்.

எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த இரண்டு பெருவழிகளில் நாகாசெண்டோ மலை வழியாகச் சென்றது. நீளம் 530 கிலோமீட்டர் அளவு. வழியில் 69 சாவடியூர்கள். எடோவிலிருந்து எண்ணினால் சுமாகோ 42ஆவது, மாகோமே 43ஆவது. கடலோரமாகச் சென்ற டோக்காய்டோவில் 53 நிலையங்கள்தான், தூரமும் சற்றுக் குறைவு. ஆனால் அங்கே பாலமில்லாத பெரிய ஆறுகளைக் கடக்க வேண்டும். ஓய் ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையிலேயே நாள்கணக்கில் காத்திருக்க நேரும். மலை ஏறினாலும் குறித்த நாளில் போய்ச் சேரலாம் என்பதுதான் நாகாசெண்டோவின் பெருமை. 1861இல் இளவரசி கசுனோமியா, ஷோகுன் (அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவர்) இயெமோச்சியை மணப்பதற்காகக் கியோட்டோவிலிருந்து எடோவுக்குச் சென்றபோது இந்த வழியாகத்தான் அழைத்துச் செல்லப்பட்டார்.

வழிகாட்டியை ஊரின் வடக்கு முனையிலிருந்து, அதாவது எடோ பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் வருவது அரசாணைப் பலகைகளை மாட்டிவைத்த கோசாட்சுபா. இப்போது இருப்பது மறுபடியும் செய்து வைத்தது. கிறித்தவ மதத்துக்குத் தடை, மரம் வெட்டத் தடை முதலானவை தலைக்கு மேலே உயரத்தில் எழுதித் தொங்கும். அண்ணாந்து பார்க்காமல் யாரும் ஊருக்குள் நுழைய முடியாது. சற்றுத் தள்ளி வாக்கிஹோஞ்சின் என்ற இரண்டாம் நிலை விடுதியும், பிரபுக்கள் தங்கிய ஹோஞ்சின் என்ற முதன்மை விடுதியும் இருக்கின்றன. 1635 முதல், நாட்டின் பிரபுக்கள் ஓராண்டு எடோவிலும் ஓராண்டு தம் நாட்டிலுமாக மாறி மாறி வாழ வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. படையும் பரிவாரமும் சூழ அவர்கள் போய் வந்துகொண்டே இருந்ததால்தான் இந்த ஊர்களுக்கு வாழ்வு கிடைத்தது. இரண்டு பிரபுக்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் தாழ்ந்தவருக்கு வாக்கிஹோஞ்சின்.

அப்பாவுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி, ஆளும் குதிரையும் மாற்றும் ஏற்பாடு. ஒவ்வொரு சாவடியூரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுமையாட்களையும் குதிரைகளையும் எப்போதும் தயாராக வைத்திருந்து, வரும் சுமையை அடுத்த சாவடி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் அவர்களுக்குப் பொறுப்பில்லை. நாகாசெண்டோவில் பொதுவாக 50 ஆட்கள், 50 குதிரைகள் என்பது விதி. ஏழை மலைநாடான கிசோவின் பதினொரு சாவடிகளுக்கு மட்டும் அது 25, 25 என்று பாதியாக்கப்பட்டது. இளவரசியின் ஊர்வலம் போன்ற ஒன்று பல்லாயிரம் பேருடன் வந்துவிட்டால் 25 குதிரைகள் எந்த மூலைக்கு? அப்போது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து உழவர்களையும் அவர்களுடைய குதிரைகளையும் கட்டாயமாக வரவழைப்பார்கள். நடவானாலும் அறுவடையானாலும் வந்தே தீர வேண்டும். சாலையை யார் செலவில் நடத்தினார்கள் என்ற கேள்விக்குப் பெரும் பகுதி விடை இதுதான். ஆனால் தெருவில் எந்தப் பலகையும் இதைச் சொல்லாது. யாராவது சொல்ல வேண்டும்.

அதைத் தாண்டினால் மாசுகாட்டா. நேராக வந்த தெரு இங்கே செங்குத்தாக ஒரு முறை திரும்பி, உடனே மறுபடியும் திரும்பும். பகைவர் ஒரே ஓட்டமாக ஊருக்குள் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத் திட்டமிட்டே வளைக்கப்பட்ட தெரு அது. அதற்கும் தெற்கே, கோயிலின் அடிவாரத்தில் இருக்கும் தெராஷிட்டா பகுதியில்தான் பழைய வீடுகள் மிகவும் நெருக்கமாக நிற்கின்றன. மேல்மாடி தெருப்பக்கம் நீண்டிருப்பதையும், செங்குத்துச் சட்டங்களை நெருக்கமாக வைத்த மரச்சாளரங்களையும், சில கூரைகளில் பலகைகள் காற்றில் பறக்காமல் இருக்கக் கல் ஏற்றி வைத்திருப்பதையும் அங்கே பார்க்கலாம். காமிசாகாயா என்ற சிறு வீட்டைத் தவறவிடாதீர்கள். அது சாதாரண வழிப்போக்கர்கள் தங்கிய விடுதி. அரிசியை அவர்களே கொண்டுவந்து, விறகுக்கு மட்டும் காசு கொடுத்துச் சமைத்துக்கொண்டு, தரையில் வரிசையாகப் படுத்துவிட்டு விடியலில் கிளம்புவார்கள். ஹோஞ்சினைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால்தான் அந்தச் சாலையில் யார் யார் நடந்தார்கள் என்பது விளங்கும்.


நெடுவழி எழுதியது:

மேலே நண்பர் எழுதியதில் ஊரைப் பற்றிய பகுதி முழுவதையும் ஏற்கிறேன். மலைப்பாதைக்கு வழிகாட்டி வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. காட்டை விட்டுவிட்டால் ஊர் பாதிதான் புரியும்.

கிசோ என்றாலே ஹினோக்கி மரம். 17ஆம் நூற்றாண்டில் கோட்டைகளும் நகரங்களும் கட்டுவதற்காக இங்கே மரங்களைக் கணக்கு வழக்கில்லாமல் வெட்டினார்கள். மலை மொட்டையாகத் தொடங்கிய பிறகுதான், கிசோவை ஆண்ட ஓவாரி அரசு விழித்துக்கொண்டு காடுகளை மூடியது. ஹினோக்கி, சவாரா, அசுனாரோ, நெசுகோ, கோயாமாக்கி ஆகிய ஐந்து வகை மரங்களையும் ஊரார் வெட்டவே கூடாது என்று ஆயிற்று. 'ஒரு ஹினோக்கிக்கு ஒரு தலை' என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். கண்ணுக்கு எதிரே வீடு கட்டுவதற்கு உலகின் மிக உயர்ந்த மர வகைகளில் ஒன்று நிற்க, அதைத் தொட முடியாமல் மட்டமான மரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். மாகோமே கணவாயைத் தாண்டி இறங்கும்போது, இச்சிகோகுதோச்சி என்ற இடத்தில் இலவசமாகத் தேநீர் தரும் பழைய ஓய்வு வீடு ஒன்று வரும். எல்லோரும் அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை ஒட்டியே, கடத்திச் செல்லும் மரத்தைப் பிடிப்பதற்காகச் சோதனைச் சாவடி இருந்தது. வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சொல்லும் பலகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இதைக் கேட்டுவிட்டு ஊருக்குள் போய் வாக்கிஹோஞ்சினைப் பாருங்கள். இன்று நிற்கும் கட்டடம் 1877இல் எழுந்தது. ஷோகுன் ஆட்சி முடிந்து, 1868இல் மெய்ஜி அரசு வந்து தடை நீங்கியதும், ஹயாஷி குடும்பத்தார் தங்கள் வீட்டை முழுக்க ஹினோக்கியிலேயே, கோட்டையைப் போன்ற தோரணையில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கை வைக்க முடியாத மரத்தைத் தூண் தூணாக நிறுத்திய அந்த வீம்பு, காட்டின் கதை தெரியாதவருக்கு வெறும் பழைய மாளிகையாகத்தான் தெரியும். 1880இல் பேரரசர் மெய்ஜி பயணத்தின்போது இளைப்பாறியதும் இங்கேதான். உள்ளே வீட்டின் நடுவிலுள்ள கணப்படுப்பைச் சுற்றி யார் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று முறை வகுத்திருந்ததை அங்குள்ள பணியாளர்களே விளக்குகிறார்கள், எனவே வீட்டுக்குள் வழிகாட்டி பேசாமல் இருந்தாலும் குறையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாள் பயணங்களில் சில, பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பேருந்து நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே குறியோடு ஓடுகின்றன. பதிவு செய்யும் முன்பு, ஒரு குழுவில் எத்தனை பேர், சுமாகோவுக்குள் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் எழுதிக் கேளுங்கள். ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.


கல்தூண் எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். எனக்குச் சுமாகோ ஒரு நாடக மேடை போலத்தான் தெரிந்தது. மின்கம்பம் இல்லை, விளம்பரம் இல்லை, பகலில் தெருவில் கார் இல்லை. எல்லாமே அளவுக்கு மீறித் துடைத்து வைத்ததாக இருக்கிறது. மாகோமேயும் அப்படியே. 1895, 1915 ஆகிய இரு தீவிபத்துகளில் ஊர் எரிந்துபோனதால் அங்கே நீங்கள் பார்க்கும் வீடுகள் எடோ காலத்தவையே (ஷோகுன்கள் ஆண்ட காலம்) அல்ல. இதற்கு வழிகாட்டி வைத்து வரலாறு கேட்பதைவிட, கிசோவிலேயே இன்னும் வடக்கே இருக்கும் நராய்க்குப் போனால் தெருவும் நீளம், இரயில் நிலையமும் பக்கத்திலேயே.


நகோயாக்காரன் எழுதியது:

நராய் அழகான ஊர், மறுக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு இரயிலடி பக்கத்தில் இருப்பது வசதியும்கூட. ஆனால் 'நாடக மேடை' என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த மேடையை யார் கட்டினார்கள் என்பதே தனிக் கதை.

மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்திலேயே சாவடி முறை ஒழிக்கப்பட்டது. பிறகு சூவோ இரயில்பாதை கிசோ ஆற்றங்கரையோடு போடப்பட்டு 1911இல் முழுமை பெற்றது. சுமாகோ அதற்கு ஒதுங்கி மலைப்பக்கம் நின்றுவிட்டது. நிலையம் கிடைத்த ஊர்கள் புதுக் கட்டடங்களுக்கு மாறின; சுமாகோவில் மாற்றிக் கட்டப் பணமில்லை, இளைஞர்கள் வெளியேறினார்கள், வீடுகள் சாய்ந்தன. அந்தத் தெரு பிழைத்ததற்கு முதல் காரணம் வறுமைதான். 1968இல், மெய்ஜி நூற்றாண்டை ஒட்டி நாகானோ மாகாண அரசின் உதவியோடு, தெராஷிட்டா வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. ஒரு கோயிலையோ மாளிகையையோ மட்டும் காப்பாற்றாமல் சாதாரண மக்களின் தெரு முழுவதையும் காப்பாற்றுவது ஜப்பானில் அன்று புதிய எண்ணம். 1971இல் ஊரார் கூடி, வீட்டையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று மூன்று உறுதிகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். பழைய தெருக்களைக் காக்கும் தேசியச் சட்டத்தின் கீழ் 1976இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களுள் சுமாகோவும் ஒன்று.

நல்ல வெளிமுதலீட்டாளர் வந்தால் விற்றுவிட்டுப் போயிருக்கக்கூடிய மக்கள், அந்த வாய்ப்பைத் தாங்களே அடைத்துக்கொண்டு, மின்கம்பிகளை வீடுகளின் பின்புறம் கொண்டுபோய், சன்னல் சட்டம் மாற்றுவதற்கும் ஊர்ச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே குடியிருக்கிறார்கள். ஹோஞ்சினேகூடப் பழைய கட்டடம் இல்லைதான். மெய்ஜி காலத்தில் அது போய்விட்டது, எடோ காலத்து வரைபடத்தைப் பார்த்து 1995இல் திரும்பக் கட்டினார்கள். இதை வழிகாட்டிகள் மறைப்பதில்லை, கேட்டால் விளக்கமாகவே சொல்கிறார்கள். அதனால் யோகோஹாமா நண்பருக்கு ஒரு யோசனை: சாமுராய்க் கதைகளோடு விட்டுவிடாமல், 1968க்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாக்கிஹோஞ்சினை ஒட்டிய வரலாற்றுக் காட்சியகத்தில் இந்தப் பாதுகாப்புப் பணியைப் பற்றிய பகுதியும் உண்டு. அங்கே நிறுத்திப் பேசச் சொன்னால் இன்னும் நன்று.

நெடுவழி அவர்கள் சொன்ன காட்டுக் கதையை வாக்கிஹோஞ்சின் வாசலில் நின்றும் சொல்ல முடியும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அம்மாவின் முழங்காலையும் கணக்கில் எடுக்க வேண்டுமல்லவா?


யோகோஹாமாவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டாயமாக வரவழைக்கப்பட்ட குதிரைகளைப் பற்றி அப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன், இப்போதே கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். அம்மாவால் மலைப்பாதை முழுவதும் முடியாது என்றால் ஒரு பகுதியை மட்டும் நடக்க வழி உண்டா? மேலும், இருவரும் சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்?


மலைச்சாரல் எழுதியது:

நானும் என் மாமியாரை அழைத்துச் சென்றிருக்கிறேன் என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மாகோமேயிலிருந்து தொடங்குவதை எல்லோரும் பரிந்துரைக்கக் காரணம், அங்கிருந்து சுமார் 800 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு ஏற்றம் குறைவு என்பதுதான். ஆனால் அதன் பிறகு சுமாகோ வரைக்கும் நெடிய இறக்கம், சில இடங்களில் கற்கள் பதித்த பாதை. மழை பெய்திருந்தால் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட அதுதான் கடினம். மாகோமேக்கும் நாகிசோ நிலையத்துக்கும் இடையே ஓடும் சிற்றுந்து கணவாயிலும், ஒடாகி, மெடாகி என்ற இரட்டை அருவிகளுக்கு அருகிலும், சுமாகோவிலும் நிற்கும். எனவே அப்பாவும் நீங்களும் நடந்து வர, அம்மாவை வேறு யாராவது சிற்றுந்தில் அழைத்து வரலாம். வண்டிகள் அடிக்கடி இல்லை, கால அட்டவணையைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

மூவரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றால், யாரும் அதிகம் சொல்லாத இன்னொரு வழி இருக்கிறது. நாகிசோ நிலையத்திலிருந்து சுமாகோவுக்கும் நாகாசெண்டோ வழியாகவே நடந்து வரலாம். 4 கிலோமீட்டருக்குள்தான், ஏற்ற இறக்கமும் மிதமானது. இதே பாதையில் காமிகுபோ என்ற இடத்தில் பழைய தொலைவு மேடு ஒன்று அப்படியே எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு ஒன்று என்று சாலை நெடுக எழுப்பிய மண்மேடுகளில் அது ஒன்று. நெடுஞ்சாலைத் துறைக்காரர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். சற்று முன்னே கிளைப்பாதையில் ஏறினால் சுமாகோ கோட்டை இருந்த மேடு. கட்டடம் எதுவும் இல்லை, ஆனால் அங்கிருந்து தெரு முழுவதும் கீழே தெரியும். இந்த வழியில் வந்தால், நகோயாக்காரன் சொன்னபடியே எடோ பக்கத்திலிருந்து ஊருக்குள் நுழைந்துவிடலாம், வழிகாட்டியையும் அங்கேயே சந்திக்கலாம். நாகிசோவில் எல்லா விரைவு வண்டிகளும் நிற்பதில்லை. நகோயாவிலிருந்து வந்தால் பெரும்பாலும் நாகாட்சுகாவாவில் இறங்கி உள்ளூர் வண்டி மாற வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. சோபா என்ற நூடுல்ஸ் விற்கும் கடைகள் பல இருந்தாலும், தொட்டுக்கொள்ளும் சாறு பெரும்பாலும் மீனில் இறக்கியதாக இருக்கும். காய்கறி மட்டும் போட்டது என்று சொல்லி விற்பதற்கும் இது பொருந்தும். கோஹெய் மோச்சி என்று, சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, வால்நட் பருப்பும் எள்ளும் சோயாவும் அரைத்த கலவை தடவித் தணலில் வாட்டித் தருவார்கள். கலவையில் மீன்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இலையுதிர்காலம் என்பதால் நாகாட்சுகாவாவின் கூரி கிந்தோன் கிடைக்கும். வெந்த செஸ்ட்நட் கொட்டையும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துத் துணியில் முறுக்கிப் பிடித்த இனிப்பு, ஐயமில்லாமல் சாப்பிடலாம். இவற்றை நம்பி மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் போனோம்.

இரவு தங்க முடியுமானால் தங்குங்கள். மாலைப் பேருந்துகள் போனதும் கூட்டம் கலைந்துவிடும், கடைகளும் சீக்கிரம் மூடிவிடும். வீட்டு விடுதிகளில் இரவுணவில் ஆற்றுமீன் நிச்சயம் வரும் என்பதால், சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே, மீன்சாறும் கூடாது என்று விளக்கி, ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். சில விடுதிகள் முடியாது என்று நேராகவே சொல்லிவிடும். பயணத்தை நவம்பருக்குத் தள்ள முடிந்தால் 23ஆம் தேதியைப் பாருங்கள், அன்று ஊரார் எடோ கால உடையணிந்து தெருவில் ஊர்வலம் வருவார்கள். அன்றைக்கு வழிகாட்டி பேசுவது காதில் விழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


நெடுவழி எழுதியது:

நாகிசோவிலிருந்து நடப்பது நல்ல யோசனை, எனக்கும் அது தோன்றவில்லை. அப்பா மட்டும் மறுநாள் காலையில் மாகோமே பக்கம் மரக் கடத்தலைத் தடுத்த சோதனைச் சாவடி இருந்த இடம் வரை போய்வரட்டும். தனியாகப் போனால், சுற்றுலாத் தகவல் நிலையத்தில் கரடியை விரட்டும் மணி வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதையோரத்திலும் கம்பங்களில் மணிகள் கட்டியிருக்கிறார்கள். கடக்கும்போது ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் போக வேண்டும்.